பேட்டரியில் எரிந்த பெயர்

ராசிபுரத்துக் கடலைக்காய் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. தரகர் மூட்டையைக் குத்தூசியால் குத்தி, விழுகிற பருப்பில் நாலை எடுத்து வாயில் போட்டுக் கடிப்பார். பருப்பு காறிப்போயிருந்தாலும் துப்பக் கூடாது. விற்க வந்தவன் எதிரே நிற்கிறான்; அவன் முகத்துக்கு நேரே துப்பினால் வியாபாரம் அதோடு முடிந்தது. காறலைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, சிரித்த முகமாகத் துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலையைக் குறைக்க வேண்டும். துப்புவதெல்லாம் அப்புறம், மண்டிக்குப் பின்னால், சாக்கடை ஓரம்.

தாமரைச்செல்வி அப்படிப்பட்ட தரகர் ஒருவரின் மகள். கொல்லிமலையில் பெண்பிள்ளைகள் விடுதிக்கு வார்டனாக வந்ததிலிருந்து அவள் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்த காறலைத் திரட்டினால் ஒரு மூட்டை தேறும்.

விடுதி திண்ணனூர் நாட்டில் இருந்தது; சில ஊர்கள் சேர்ந்ததை அந்த மலையில் நாடு என்பார்கள். கீழே சமையல்கட்டும் சாப்பாட்டுக் கூடமும். மேலே மலைப் பிள்ளைகள் படுக்கிற நீளமான அறை. உள்ளே ஏற ஒரு மரப்படி, பின்பக்கம் இறங்க ஓர் இரும்புப்படி. சமையல் விறகடுப்பில்தான். மழைக்காலத்தில் ஈர விறகை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கி உலர்த்துவாள் சமையல்காரி கண்ணாத்தாள். கரண்ட் என்பது அந்த மலையில் முறுக்கிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி; மழை பிடித்துவிட்டால் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது.

விடுதியை நடத்தியது ஒரு தர்ம அறக்கட்டளை. அதற்குக் கொடுக்கிற கை நாமக்கல் ராசப்பனுடையது. கோழிப்பண்ணை, லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை, மலைமேல் மிளகுத் தோட்டம் என்று நாலாபக்கமும் காசு காய்க்கிற மனிதர். கை நீளம், பெயர் அதைவிட நீளம். கோயிலுக்கு அவர் கொடுத்த டியூப்லைட்டில் உபயம் எழுதி எழுதி வெளிச்சம் வர இடமில்லாமல் போய், அந்த உபயத்தைப் படிக்க இன்னொரு டியூப்லைட் போட்டார்கள். பஸ் நிழற்குடையில் அவர் பெயர். தண்ணீர்த் தொட்டியில் அவர் பெயர். அடிவாரத்துச் சுடுகாட்டுக் கொட்டகையின் கூரையில்கூட அவர் பெயர். செத்தவன் மல்லாந்து கிடந்து கடைசியாகப் பார்ப்பது அதைத்தான்.

கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து பிள்ளைகள் கருகிய அடுத்த வருடம் அது. பிள்ளைகள் இருக்கிற இடமெல்லாம் தீ மணி வைக்க வேண்டும் என்ற பேச்சு மலைக்கும் ஏறி வந்தது. ராசப்பன் ஒன்று வாங்கிக் கொடுத்தார். மாடிப்படி முடிகிற நடையில் ஒரு சிவப்புத் தகரப் பெட்டி. அதன் நடுவில் நீல வெளிச்சத்தோடு தீப்பெட்டி அளவுக்கு எழுத்துச் சன்னல்; அதில் பொடியாக உபயதாரர் பெயர். மாட்டியவன் சேலத்து மெக்கானிக் சசிதரன். ராசப்பன் வந்து குனிந்து பார்த்தார்.

“ஏனுங்க பூபதி, இதென்னங்க எழுத்து? எறும்பு படிக்கறதுக்கா?”

பூபதி அறக்கட்டளையின் மேனேஜர். ராசப்பன் தும்மினால் இவர் மூக்கைச் சிந்துவார். அடுத்த வாரமே பெட்டிக்கு மேலே முழ நீளத்தில் ஓர் ஓடும் எழுத்துப் பலகை ஏறியது. ‘உபயம்: நாமக்கல் ராசப்பன்’ என்று சிவப்பு எழுத்து வலமிருந்து இடமாக ஓடும், ஓடி முடித்ததும் திரும்ப ஓடும். வேறு வேலை அதற்கு இல்லை.

திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டி, பெயர் ஓட ஆரம்பித்து, பிள்ளைகள் கை தட்டிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பெயர் ‘ராச’ வரைக்கும் வந்து பொட்டென்று அணைந்தது. பெட்டியில் கடுகு அளவு பச்சைப் பொட்டு ஒன்று மட்டும் விட்டு விட்டு மினுங்கியது.

ராசப்பனின் முகம் இருண்டது. “என்றா இது? உசுரோட இருக்கறவன் பேரை அணைச்சுப்போட்டீங்களேடா!”

“அணைக்கலீங்க, அது அப்படித்தானுங்க” என்றான் சசிதரன். “கரண்ட் போனா பொட்டி பேட்டரியில நிக்குமுங்க. அப்ப எழுத்தையெல்லாம் அணைச்சுப்போட்டு, இருக்கற தெம்பைச் சைரனுக்குன்னு சேத்து வெச்சுக்கும். தீப்பிடிச்சாக் கத்தோணுமில்லீங்களா? அந்தப் பச்சைப் பொட்டு மினுங்கற வரைக்கும் பொட்டி முழிச்சுட்டு இருக்குதுன்னு அர்த்தமுங்க.”

தாமரைச்செல்விக்குச் சட்டென்று பிடிபட்டது. பஞ்சத்தில் வயிறு காய்ந்தாலும் விதைக்கடலையில் கை வைக்காத குடியானவன் புத்தி அந்தப் பெட்டிக்கு இருந்தது. நல்ல பெட்டி என்று நினைத்தாள்.

“பச்சைப் பொட்டுக்கா நான் பணம் குடுத்தேன்?” என்றார் ராசப்பன். “ஊரே இருட்டாக் கெடக்கறப்ப எம்பேரு மட்டும் எரியோணும். அதுதானப்பா பேரு!”

“அதுதானுங்க மொதலாளி, அதுதானுங்களே!” என்றார் பூபதி, தனக்கே அது இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று வெட்கப்படுகிறவரைப் போல. “தம்பி, பேட்டரியில ஒரு ஒயரை இழுத்துக் குடுத்துரு.”

சசிதரன் இழுத்துக் கொடுத்தான். கீழே இறங்கும்போது தாமரைச்செல்வி அவனைப் படியில் மறித்தாள்.

“பேட்டரி தாங்குமா தம்பி?”

“எங்கீங்க மேடம்! பொழுது சாயப் போன கரண்ட் விடிஞ்சும் வரலீன்னா, அதுக்கு முந்தியே செத்துருமுங்க. அப்புறம் தீப்பிடிச்சா நீங்கதான் கத்தோணும்.”

“தெரிஞ்சேதான் மாட்டினயா?”

“நான் மாட்டலீன்னா இன்னொருத்தன் வந்து மாட்டுவானுங்க. எனக்கும் பில்லு பாஸாகோணுமில்லீங்களா?” என்று சிரித்தான். வரிசைப் பல், பால் வெள்ளை. பார்க்கப் பார்க்க அவள் வாயில் காறல் கூடியது.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஒரு நாள் மாலையில் போன கரண்ட் விடிந்தும் வரவில்லை. காலையில் அவள் மாடிக்குப் போனபோது பலகையில் பெயர் இல்லை. பச்சைப் பொட்டும் இல்லை. சோதனைப் பொத்தானை அமுக்கினாள். சைரன், தொண்டையில் முள் சிக்கிய பூனை மாதிரி ஒரு தரம் ‘கிர்’ என்றது. அவ்வளவுதான். கண்ணாத்தாள் பரணில் அடுக்கிய விறகு, அதற்கு மேல் மரத்தளம், தளத்துக்கு மேல் பிள்ளைகள். இடையில் கத்துவதற்கென்று வைத்த ஒன்றே ஒன்று, ராத்திரி முழுக்க ஒருத்தர் பெயரைச் சொல்லிச் சொல்லியே செத்துக் கிடந்தது.

பூபதி பெட்டியைப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கோத்திருந்தார். மற்ற சாவிகளும் அங்கேதான். மனிதர் நடந்தால் சலங்கை கட்டிய மாடு வருகிற மாதிரி இருக்கும்.

“சாவியைக் குடுங்க. அந்த ஒயரை எடுத்துப்போடறேன்.”

“ஏனம்மிணி, மொதலாளி மேல இன்னொரு மாடி கட்டித் தாரேன்னு சொல்லியிருக்கறாரு. அவரு பேரை நீங்க பிடுங்குவீங்களா?”

“தீப்பிடிச்சா என்னங்க பண்றது?”

“தீப்பிடிக்குமா பிடிக்காதான்னு நமக்குத் தெரியாது. பேரு எரியலீன்னா மொதலாளிக்குக் கோவம் வரும்னு நல்லாத் தெரியும். தெரிஞ்சதுக்குப் பயப்படறதா, தெரியாததுக்குப் பயப்படறதா?”

மண்டியில் எத்தனையோ பொக்குக் கடலையைப் பார்த்தவள் அவள். இவ்வளவு சுத்தமான பொக்கைக் கண்டதில்லை. ஓடு மொழுமொழுவென்று இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

“பெரிய பேட்டரியாவது வாங்கி வெய்யுங்க.”

“யாரம்மிணி குடுப்பாங்க? பேட்டரி பொட்டிக்குள்ளயில்ல இருக்குது? உபயம் எழுத எடமே இல்லீங்களே!”

அவர் நக்கலாகச் சொல்லவில்லை. மெய்யாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். ஒயரைத் தானே அறுத்தெறிந்தால் என்ன என்று யோசித்தாள். அறுத்தால் அன்றே வேலை போகும். மறுநாள் வருகிற வார்டன் முதல் வேலையாக அதை ஒட்ட வைப்பாள். பெயர் அணைய வேண்டுமென்றால் பெயர்க்காரரே ‘அணைக்கட்டும்’ என்று சொல்ல வேண்டும். போன் போட்டு ராசப்பனிடமே பேசிப் பார்த்தாள். “நல்ல காரியத்துல அபசகுனமாப் பேசாதீங்கம்மிணி” என்று வைத்துவிட்டார்.

அவர் மலைக்கு வந்த நாள், முந்தின மாலையே மரம் விழுந்து கரண்ட் போயிருந்தது. கூடவே ஈரோட்டிலிருந்து மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற வீட்டார். நூல் வியாபாரிகள், காரை விட்டு இறங்கும்போதே எதிராளியின் செருப்பைப் பார்த்து எடை போடுகிறவர்கள். ராசப்பன் அவர்களை நேரே விடுதி மாடிக்குத்தான் ஏற்றினார்.

“மலையே இருட்டடிச்சுக் கெடக்குது பாத்தீங்களா சம்பந்தி? இப்ப மேல வாங்க. எம்பேரு மட்டும் எப்படி எரியுதுன்னு பாருங்க!”

மழை மூட்டத்தில் நடை கருக்கலாக இருந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். பலகை கரிப்பலகையாகத் தொங்கியது. ஒரு பல்லி அதன் குறுக்கே நடந்து போனது.

“பேரு வெளியூரு போயிருக்குதாட்ட இருக்குது” என்றார் ஈரோட்டுக்காரர், மெதுவாக.

பூபதி முந்திக்கொண்டார். “இந்தம்மாதானுங்க மொதலாளி, எதையோ அமுத்திப்போட்டாங்க!”

“பேட்டரி செத்துப்போச்சுங்க” என்று தாமரைச்செல்வி சோதனைப் பொத்தானை அமுக்கிக் காட்டினாள். கிர் கூட இல்லை. “பாருங்க, சைரனும் செத்துப்போச்சு. புள்ளைக மேல தூங்கறாங்க, கீழ அடுப்பு எரியுது.”

“சைரன் கெடக்கட்டும்” என்றார் ராசப்பன். “பேரு ஏன் எரியலே?”

அவள் அவரைப் பார்த்தாள். உண்மையை நாலு தரம் கடை விரித்துவிட்டாள், வாங்க ஆளில்லை. ஆனால் ராசப்பனின் முகத்தில் இப்போது வேறொன்று இருந்தது. சந்தை நடுவில் சரக்கு மானம் போனவனின் முகம் அது. அந்த நேரத்தில் யார் நல்ல வார்த்தை சொன்னாலும் சொன்னவர் பக்கம் சாய்வான். அப்பா அடிக்கடி சொல்வார், மாடு படுத்த நேரத்தில்தான் விலை பேச வேண்டும் என்று. காறலைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு அவள் சிரித்தாள்.

“மொதலாளி, ஒண்ணு சொல்லட்டுங்களா? ராத்திரி பூரா உங்க பேரு எரிஞ்சுது. பாத்தது யாரு? அந்தப் பல்லியும் ரெண்டு கரப்பானும். நல்ல சரக்கை எந்த யாவாரியாவது நாள் பூராத் தெறந்து வெப்பானுங்களா? ஈதான் மொய்க்கும். சனம் கூடற நேரம் பாத்துத்தான் சாக்கு வாயை அவுப்பான்.”

ஈரோட்டுக்காரர் தலையை ஆட்டினார். அதை ராசப்பன் பார்த்தார்.

“கரண்ட் போனா உங்க பேரு தூங்கட்டுங்க. சைரன் கத்தற நேரத்துல மட்டும் தகதகன்னு எந்திரிச்சு எரியட்டும். அன்னைக்கு மொத்தச் சனமும் அண்ணாந்து பாக்கும். நம்மளை எழுப்புன சாமி யாருன்னு பாக்கும். பாத்தா, உங்க பேரு.”

ராசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. “அம்மிணி, நீங்க யாரு ஊட்டுப் புள்ளைங்க?”

“ராசிபுரம் கடலைக்காய் மண்டி மாதேஸ்வரன் மகளுங்க.”

“அதுதானே பாத்தேன்! டேய் பூபதி, அம்மிணி சொல்றாப்பல பண்ணிப்போடு.”

துண்டு இல்லாமலே, விரல் தொடாமலே வியாபாரம் படிந்தது. சசிதரன் வந்து ஒயரை மாற்றினான். அடுத்த தரம் கரண்ட் போனபோது பெயர் அணைந்தது. பச்சைப் பொட்டு மட்டும் முழித்திருந்தது. விடிந்து அவள் பொத்தானை அமுக்கியதும், பெயர் பளீரென்று எரிய, சைரன் மலையைக் கிழித்துக்கொண்டு கத்தியது. இத்தனை நாளுக்குப் பிறகு அன்று காலை உப்புமா அவளுக்கு உப்புமாவாக ருசித்தது.

ஆனால் நன்றாக விற்றுவிட்டாள். கொஞ்சம் அதிகமாகவே நன்றாக.

சனம் கூடுகிற நேரத்தில் சாக்கு வாயை அவிழ்க்கச் சொன்னது அவள்தான். ராசப்பன் சனத்தைக் கூட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். முதலில் சம்பந்தி வீட்டு மீதி ஆட்கள். பிறகு லாரி முதலாளிகள். பிறகு ஆகாச கங்கை அருவி பார்க்க வந்த கோழித்தீவன ஏஜெண்டுகள், அவர்களுடைய மச்சினன்கள். வந்தவர்களை நடையில் நிறுத்தி, பூபதி மெயினை அணைப்பார், ராசப்பன் பொத்தானை அமுக்குவார், சைரன் அலறும், பெயர் எரியும். அருவிக்குப் போனவர்கள் அருவியை மறந்தாலும் இதை மறக்க முடியாது, காது இரண்டு நாளைக்கு இரையும்.

வெறும் நடையில் பெயர் எரிந்தால் எடுப்பாக இல்லை என்று பூபதி ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். சைரன் கேட்டதும் பிள்ளைகள் தலை வாரி, பவுடர் பூசி, பூ வைத்துக்கொண்டு பெட்டிக்குக் கீழே வரிசையாக நிற்க வேண்டும். பெரிய பிள்ளை சத்யா ஆரத்தித் தட்டில் சூடம் ஏற்றி, வருகிறவர்களுக்குச் சுற்ற வேண்டும். சுற்றிய பிறகு ஆளுக்கொரு பன்.

“இது என்னங்க அக்கிரமம்?” என்றாள் தாமரைச்செல்வி. “சைரன் கேட்டா வெளிய ஓடோணும். நீங்க உள்ளாற ஓடியாரப் பழக்கறீங்க!”

“நெசமாத் தீப்பிடிச்சா வேற மாதிரி ஓடிக்குவாங்கம்மிணி.”

“அதுகளுக்கு எப்படித் தெரியும், எது நெசம்னு?”

“தீ வருமில்ல?” என்றார் பூபதி.

அவள் பிள்ளைகளைத் தனியே கூட்டி வைத்துச் சொன்னாள். அவர்களும் “சரிங்க மிஸ், சரிங்க மிஸ்” என்று தலையாட்டினார்கள். ஆனால் அவள் சொல்வது வெறும் சொல். பன் உள்ளங்கையில் உட்காருகிற பன். சின்னதுகள் சைரன் கேட்டாலே எச்சில் விழுங்கின. அவள் ராசப்பனிடம் போனால், “நீங்க சொன்ன யோசனைதானுங்களேம்மிணி!” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடுதான் எல்லாவற்றையும்விட அதிகம் காறியது.

கார்த்திகை அடைமழையில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். காலையிலேயே கரண்ட் இல்லை. பிள்ளைகள் மாடியில் துணி மடித்துக்கொண்டும் பேன் பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். தாமரைச்செல்வி முன்வாசல் கொட்டகையில், வந்து இறங்கிய அரிசி மூட்டையைப் பிரித்துப் புழு இருக்கிறதா என்று முறத்தில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சைரன் அலறியது.

அவள் தலையைத் தூக்கி வாசல் கேட்டைப் பார்த்தாள். இன்றைக்கு எந்தத் தரித்திரம் பிடித்தவன் கார் ஏறி வந்திருக்கிறான் என்று பார்த்தாள்.

கேட் பூட்டிக் கிடந்தது. கார் இல்லை. மழைதான் நின்றுகொண்டிருந்தது.

கையில் முறத்தோடு அவள் அப்படியே நின்ற அந்த ஒரு கணத்தை நினைத்தால் பின்னாளில்கூட அவளுக்கு உடம்பு கூசும். எச்சில் விழுங்கிய சின்னதுகளுக்கும் தனக்கும் என்ன வித்தியாசம்? பிறகுதான் புகை நாற்றம் மூக்கில் ஏறியது. “ஐயோ டீச்சரம்மா, பரணு! பரணு பத்திக்கிச்சு!” என்று கண்ணாத்தாள் சமையல்கட்டிலிருந்து தலைமயிர் கருகின வாடையோடு ஓடி வந்தாள்.

தாமரைச்செல்வி முறத்தை எறிந்துவிட்டு முந்தானையை மழையில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு மரப்படியில் ஏறினாள். படிக்கூட்டில் புகை திரண்டு சுருண்டு மேலே போய்க்கொண்டிருந்தது. மாடி நடையில், சைரனுக்கு நேர்கீழே, பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். பாதி முகத்துக்குப் பவுடர். ஒருத்திக்கு ஒரு பக்கம் மட்டும் பின்னல். இருமிக்கொண்டே நின்றார்கள், இருமினாலும் வரிசை கலையவில்லை. சத்யா சூடத்தட்டை ஏந்தியிருந்தாள். எல்லோருக்கும் மேலே, புகைக்குள்ளே, ‘உபயம்: நாமக்கல் ராசப்பன்’ சிவப்பாக ஓடியது.

“மிஸ், யாருங்க மிஸ் வந்திருக்காங்க?” என்றாள் சத்யா.

“தீ வந்திருக்குதுடி! தட்டைக் கீழ போடு! பின்னால இரும்புப்படி! ஓடுங்க!”

யாரும் அசையவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு படிப்பக்கம் பார்த்தார்கள், விருந்தாளி ஏறி வருகிறாரா என்று. தாமரைச்செல்வி தட்டைத் தட்டிவிட்டாள். சூடத்தைக் காலால் மிதித்தாள். முன்னால் நின்ற இரண்டு பேரின் பின்னலைப் பிடித்து இழுத்து, முதுகில் அறைந்து, கெட்ட வார்த்தை சொல்லி — மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் சொல்கிற வார்த்தை அது, வார்டன் வாயில் வரக்கூடாதது — விரட்டினாள். அந்த வார்த்தைதான் வேலை செய்தது. மிஸ் இப்படிப் பேசினால் இது விருந்து இல்லை என்று பிள்ளைகளுக்கு உறைத்தது. வீறிட்டுக்கொண்டு இரும்புப்படி வழியாக மழைக்குள் இறங்கினார்கள். கட்டிலடியில் பூவைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பொடுசைக் கடைசியாக இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் இறங்கினாள்.

ஊர்ச்சனம் ஓடி வந்து ஈரச்சாக்கும் மண்ணும் போட்டு அணைத்தார்கள். பரண் போயிற்று, மேல்தளத்துப் பலகை கொஞ்சம் கருகியது. பிள்ளைகள் பக்கத்துக் கொட்டகையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரிய சளியைத் துப்பினார்கள். ஒருத்தி குறையவில்லை. பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஒரு கிழவி விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள், “ஏன் சாமி, நெருப்புக்கு ஆரத்தி எடுத்தீங்களா? நல்ல பள்ளிக்கூடம்!” கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு நாடு விட்டு நாடு, பொழுது சாய்வதற்குள் மலை முழுக்கப் போய்விட்டது.

மறுநாள் காலை, கண்ணாத்தாளின் காய் நறுக்கும் கத்தியால் தாமரைச்செல்வி பலகையின் ஒயரை அறுத்தாள். பலகையை ஆணியிலிருந்து இறக்கி அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டினாள். பெட்டியைத் தொடவில்லை. பிள்ளைகளைக் கூட்டி ஒரே ஒரு சேதி சொன்னாள்: “இனிமே இது கத்தினா யாரும் வரலேன்னு அர்த்தம். பன்னு இல்லே. தலை வாரக் கூடாது. வெளிய ஓடோணும்.” சொல்லிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். தலைவிரி கோலமாக, ஒற்றைச் செருப்போடு, பிள்ளைகள் இரும்புப்படியில் தடதடவென்று இறங்கி மைதானத்துக்கு ஓடினார்கள்.

ராசப்பனின் கார் சரியாக அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்தது. மழையில் ஓடி வருகிற பிள்ளைகளைப் பார்த்ததும் அவர் கண்ணாடியை இறக்கிக் கும்பிட ஆரம்பித்தார். இறங்கும்போதும் கும்பிட்டார். பின்னாலேயே ஒரு போட்டோக்காரன், அவன் பின்னால் பூபதி.

“எனக்காக மழையில நிக்கறீங்களே கண்ணுகளா! பாத்தீங்களாம்மிணி, எம்பேரு எரிஞ்சு புள்ளைகளைக் காப்பாத்திப்போடுச்சு! வாங்க, பேருக்குக் கீழ எல்லாரும் நின்னு ஒரு போட்டோ. பூபதி, சைரனைப் போடு.”

தாமரைச்செல்வி சாக்கை அவர் காலடியில் வைத்தாள். “இந்தாங்க, உங்க பேரு. நான் உங்களுக்கு வித்த யோசனையைத் திருப்பி எடுத்துக்கிட்டேன்.”

விற்ற மூட்டையைத் திருப்பி எடுத்த தரகன் மறுநாள் மண்டிக்குள் தலை காட்டக் கூடாது. அது அவளுக்குத் தெரியும். வியாபாரியான ராசப்பனுக்கும் தெரியும்.

“என்ன திமிரு இருந்தா எம்பேரைக் கழட்டுவீங்க? அந்தப் பொட்டியையும் சேத்துப் பிடுங்கிட்டுப் போயிருவேன்!”

“பிடுங்குங்க. போட்டோக்காரரு இருக்கறாரில்ல? கருகுன பரணை ஒரு போட்டோ, அதுக்கு மேல நீங்க பொட்டியைப் பிடுங்கறது ஒரு போட்டோ. ஆனா ஒண்ணு கேட்டுக்கங்க. மலை பூரா இப்ப ஒரே பேச்சு. ராசப்பன் பேருக்கு ஆரத்தி எடுக்க நின்ன புள்ளைக, இன்னொரு அரை நாழி போயிருந்தா வெந்திருக்கும்னு. இனிமே இந்தப் பேரு எங்க எரிஞ்சாலும் சனம் அதைத்தான் நெனைக்கும். ஈரோட்டுக்காரங்க காதுக்கும் போயிருக்கும். மாட்டறதுன்னா மறுக்கா மாட்டிக்குங்க.”

ராசப்பன் பூபதியைப் பார்த்தார். பூபதி சாவிக்கொத்தைப் பிடித்துக்கொண்டார். ராசப்பன் தானே குனிந்து அதைத் தூக்கி, செத்த நாயைத் தூக்குகிற மாதிரி உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு போய், கார் டிக்கியில் குப்புறப் போட்டு மூடினார். சாக்குகூட வெளியே தெரிந்துவிடக் கூடாதே என்று ஒரு பழைய துணியையும் மேலே இழுத்துவிட்டார். உசுரோடு இருக்கிறவன் பெயரை அவரே தன் கையால் மூடினார்.

“நாளைக்கு இந்த விடுதியில நீங்க இருக்கக் கூடாதும்மிணி” என்றார் காரில் ஏறிக்கொண்டே.

“எம் பொட்டி கட்டியாச்சுங்க.”

கார் திரும்பியது. பழக்க தோஷத்தில் அவர் கண்ணாடியை இறக்கிப் பிள்ளைகளைப் பார்த்துக் கும்பிட்டார். தாமரைச்செல்வி அவர் முகத்துக்கு நேரே, சக்கரத்துச் சேற்றில், அத்தனை வருடத்துக் காறலையும் திரட்டித் துப்பினாள்.